சென்னைப் பள்ளிகளில் குழந்தைப் பருமன்: ஓர் அணாச் சோறு முதல் காலை உணவு வரை

பள்ளிக் குழந்தைகளின் உடற்பருமனைக் கண்காணிப்பதும் தடுப்பதும் சென்னையின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த பொறுப்பாகும். அதற்கு முன் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, இப்பள்ளிகளில் பிள்ளையின் உடலைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட்டாயா? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் மதிய உணவும், சத்துணவும், முட்டையும், இப்போதைய காலை உணவும் வந்தன. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி அது. ஆனால் பசியைத் தேடுவதற்காக அமைக்கப்பட்ட ஏற்பாடு பருமனைக் காண்பதற்குப் பழகவில்லை. இந்த ஏற்பாடு எப்படி உருவானது, பருமன் எந்த வழியாகப் பள்ளிக்குள் வந்தது, இரண்டையும் ஒரே தராசில் பார்ப்பதில் உள்ள சிக்கல் என்ன என்பவற்றை இக்கட்டுரை திருவல்லிக்கேணியையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து விவரிக்கிறது.

திருவல்லிக்கேணியும் ஓர் அணாச் சோறும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் படிப்பதென்றால் முதல் தடை சோறுதான். 1916இல் டாக்டர் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணி அக்பர் சாகிப் தெருவில் ‘திராவிடர் இல்லம்’ என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து கல்லூரிப் படிப்புக்காக வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் உண்ணவும் இடம் கிடைக்காததே அதற்குக் காரணம். கல்லூரி மாணவர்களுக்கே இந்த நிலை என்றால் தொடக்கப் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளர் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

திருவல்லிக்கேணிக்கு அடுத்திருக்கும் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில்தான் முதல் மதிய உணவு பரிமாறப்பட்டது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பி. தியாகராய செட்டியாரின் முயற்சியால் 1920 செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது நீட்டிக்கப்பட்டது. இப்பள்ளிகளில் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்க ஆங்கில அரசு அனுமதி மறுத்ததால் 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றது. 1927இல் 25 பள்ளிகளைச் சேர்ந்த 1,000 ஏழை மாணவர்களுக்கு மட்டும் என்று மீண்டும் தொடங்கியது.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திட்டம் வெற்றி பெற்றது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவை சேர்க்கை எண்கள். சோறு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள் என்பது நிறுவப்பட்டது. சாப்பிட்ட பிள்ளையின் உடல் என்ன ஆனது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பிரிட்டனில் கதை வேறு விதமாக நடந்தது. போயர் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களில் பலர் உடல் தகுதியற்றவர்களாக இருந்தது அங்கே பெரிய அதிர்ச்சி. அதையொட்டி 1906இல் பள்ளி உணவுச் சட்டமும், அடுத்த ஆண்டே பள்ளி மருத்துவப் பரிசோதனைக்கான சட்டமும் வந்தன. உணவும் மருத்துவரும் ஏறக்குறைய ஒன்றாகப் பள்ளிக்குள் நுழைந்தனர். சென்னையில் உணவு முதலில் வந்தது. மருத்துவர் மிகவும் பிந்தினார். 1946இல் வெளியான போர் குழு அறிக்கை (சர் ஜோசப் போர் தலைமையிலான நலவாழ்வு ஆய்வுக் குழுவின் அறிக்கை) இந்தியாவில் பள்ளி நலப் பணி என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை என்ற முடிவுக்கே வந்தது. விடுதலைக்குப் பிறகு 1960இல் ரேணுகா ராய் தலைமையில் பள்ளி நலக் குழு அமைக்கப்பட்ட பின்னரே அது நாடளாவிய பேச்சாயிற்று.

அதே 1920இல் சென்னையில் இன்னொன்றும் தொடங்கியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியை நிறுவினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுவே. பிள்ளைக்குச் சோறும் விளையாட்டும் தேவை என்ற இரண்டு எண்ணங்களும் ஒரே ஆண்டில் ஒரே நகரில் முளைத்திருக்கின்றன. சோறு திட்டமாக வளர்ந்தது. விளையாட்டு, தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் பி.டி. பீரியடாகவே நின்றுவிட்டது.

எடை என்பது குறைவாக இருப்பது

குழந்தையின் எடையை அறிவியல் முறையில் பார்க்கத் தொடங்கியது நீலகிரியில். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு 1935இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு இயக்குநராக வந்தார். தென்னிந்தியாவின் அரிசி உணவு என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதை அவரும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பால்மாவைச் சேர்த்துக் கொடுத்து, உயரமும் எடையும் கூடுவதை அளந்து காட்டினர். எடை கூடினால் வெற்றி. அதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. இந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக உள்ளது.

1956இல் காமராசர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் ஒத்துழைப்போடு, மதிய உணவுத் திட்டம் மாநிலத் திட்டமாயிற்று. அறுபதுகளில் ‘கேர்’ நிறுவனத்தின் பால்மாவும் எண்ணெயும் கோதுமையும் வந்தன. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேர் பால்மாவின் வாசனை இன்னும் நினைவிருக்கும். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் அது நகர்ப்புறங்களுக்கு வந்தது. சென்னைப் பள்ளிகளும் அதில் அடங்கின. 1989இல் முட்டை சேர்ந்தது; 2010இல் வாரம் ஐந்து முட்டைகள் என்றாயிற்று.

இத்தனை மாற்றங்களிலும் ஒரு கருத்து மாறவே இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் எடை குறைந்த பிள்ளை. அந்தக் காலத்துக்கு அது சரியான கருத்துதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1956 முதல் 1965 வரை நாடு முழுவதும் குழந்தைகளின் உயரம், எடையைத் திரட்டி அளவுகோல் தயாரித்தது. அளக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். எனவே அந்த அளவுகோலே ஒல்லியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு மெலிந்த பிள்ளையைச் சராசரி என்று சொல்லிவிடலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் குறை. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளை அளந்து மாற்று அளவுகோல்கள் உருவாகப் பல ஆண்டுகள் ஆயிற்று.

மொழியும் இந்தக் கருத்துக்குத் துணை நின்றது. ‘கொழுகொழு குழந்தை’, ‘அமுல் பேபி’, ‘பூசினாற்போல் உடம்பு’ எல்லாமே பாராட்டுகள். ‘இளைத்துவிட்டாயே’ என்பது விசாரிப்பு. 1924இல் வைசிராயின் மனைவி ரீடிங் சீமாட்டியின் முன்முயற்சியில் இந்திய நகரங்களில் குழந்தை வாரம் கொண்டாடத் தொடங்கியபோது அதன் கவர்ச்சியே குழந்தைக் காட்சியும் பரிசுகளும்தான். தொட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பிழைக்காமல் போய்க்கொண்டிருந்த ஊர்களில் பருத்த குழந்தை என்பது பிழைத்த குழந்தை. அந்தப் பாராட்டைப் பழமைவாதம் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பருமன் வந்த வழி

சென்னைப் பிள்ளைகளிடம் பருமன் முதலில் தென்பட்டது கட்டணம் வாங்கும் பள்ளிகளில். வசதியான குடும்பங்களைச் சேர்ந்த பதின்பருவச் சிறுமிகளை 1981இலும் மீண்டும் 1998இலும் அளந்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. மிகை எடை 9.6 விழுக்காட்டிலிருந்து 9.7 ஆகவும், பருமன் 5.9இலிருந்து 6.2 ஆகவும் இருந்தன. மாற்றம் மிகச் சிறிது என்பதைவிட முக்கியமான செய்தி இதில் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஒரே அலைவரிசை இருந்த 1981ஆம் ஆண்டிலேயே, பீட்சா கடைகள் வராத சென்னையிலேயே, வசதியுள்ள வீட்டுச் சிறுமிகளில் ஏழு பேருக்கு ஒருவர் மிகை எடையோ பருமனோ கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் துரித உணவைக் குற்றஞ்சாட்டும் பேச்சுக்கு இந்த எண்கள் ஒத்துழைப்பதில்லை.

2002இல் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 13 முதல் 18 வயது வரையிலான 4,700 மாணவர்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் மிகை எடை ஆண்களில் 17.8 விழுக்காடு, பெண்களில் 15.8 விழுக்காடு. குடும்ப வருவாய் கூடக் கூடவும், உடலுழைப்பு குறையக் குறையவும் அது அதிகமானது. அடுத்த ஆண்டே அதே குழுவினர், பெரியவர்களுக்கு வருவது என்று கருதப்பட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் நகர்ப்புறச் சிறுவர் சிறுமியரிடம் காணப்படுவதை ஆய்விதழில் பதிவு செய்தனர். அழகு, கேலி என்ற அளவில் பேசப்பட்ட பருமன் மருத்துவமனைக்குரிய விஷயமானது அப்போதுதான். பதினைந்து வயதில் சர்க்கரை நோய் தொடங்கினால், முப்பத்தைந்து வயதில் சிறுநீரகமும் கண்ணும் இருபது ஆண்டு நோயைச் சுமந்திருக்கும்.

அரசுப் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஆரஞ்ச்’ ஆய்வு. டாக்டர் வி. மோகன் தலைமையிலான அந்நிறுவனம் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையிலான 18,955 பேரை அளந்தது. பன்னாட்டு அளவுகோலின்படி மிகை எடையும் பருமனும் சேர்ந்து தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடு. 2014இல் வெளியான இந்த எண்கள் சென்னையின் பள்ளிகள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதற்கும் சான்று. திருவல்லிக்கேணியில் ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளி, நூற்றாண்டு கண்ட உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றையும் பார்க்க முடியும். காலை எட்டரை மணிக்கு நடுக்குப்பத்திலிருந்தும் அயோத்தியாகுப்பத்திலிருந்தும் நடந்து வரும் பிள்ளைகள் ஒரு வாசலிலும், ஆட்டோவில் வந்து இறங்கும் பிள்ளைகள் இன்னொரு வாசலிலும் நுழைவார்கள். அந்த நடையும் ஆட்டோவும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

இலவசச் சாப்பாடு பிள்ளைகளைக் குண்டாக்குகிறது என்று பேசுவோர் உண்டு. சத்துணவு உண்ணும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்தான் 3.6 என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். அதே சமயம் 3.6 என்பது பூஜ்யமும் இல்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ. அந்த ஒருவரை வகுப்பு முழுவதற்கும் தெரியும்; அவருக்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கும். பள்ளி நலப் பதிவேட்டுக்கு மட்டும் அவர் தெரியமாட்டார்.

எந்தக் கோட்டைத் தாண்டினால் பருமன்?

பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெத்தலே 1830களில் கண்ட ஒரு வாய்பாட்டுக்கு, 1972இல் ஆன்செல் கீஸ் ‘உடல் நிறை எண்’ என்ற பெயரைத் தந்தார். கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இது. பெரியவர்களுக்கு ஒரே எல்லைக்கோடு போதும். வளரும் பிள்ளைக்கு வயதுக்கு வயது, ஆண் பெண் வேறுபாட்டோடு கோடு மாறும்.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் 140 சென்டிமீட்டர் உயரம், 43 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். 1.4ஐ 1.4ஆல் பெருக்கினால் 1.96, 43ஐ அதனால் வகுத்தால் 21.9. பன்னாட்டுப் பருமன் பணிக்குழு 2000இல் வெளியிட்ட அளவுகோலில் அந்த வயதுச் சிறுவனுக்கு மிகை எடைக் கோடு 19.84, பருமன் கோடு 24. அதன்படி இவன் மிகை எடை மட்டுமே. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவுகோலில் பருமன் கோடு 21.4. அதன்படி இவன் பருமன். பையன் ஒருவனே; மேசையில் எந்த அட்டவணை இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள், இந்திய உடல்வாகைக் கருதி, பெரியவர்களின் 23, 27 என்ற எண்களுக்கு இணையாகக் கோடுகளை இன்னும் கீழே இறக்கின.

கோட்டைக் கீழே இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. புணேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம் ஆய்வுகளில் இந்தியப் பச்சிளங் குழந்தைகளை ஐரோப்பியக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். இந்தியக் குழந்தை எடையில் குறைவு, தசையிலும் குறைவு, ஆனால் உடற்கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான தோற்றத்துக்குள் கொழுப்பைக் காத்துக்கொள்ளும் உடல் அது. இப்படிப் பிறந்த பிள்ளை பின்னாளில் வேகமாக எடை போட்டால், சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

இதை அரசுப் பள்ளியோடு பொருத்திப் பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் தெரியும். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகள் அதிகம் இருப்பது அங்கேதான். நேற்றுவரை மெலிந்த பிள்ளை என்று பதிவானவரே நாளை மிகை எடையாக மாறக்கூடியவர். பசியும் பருமனும் வேறு வேறு வீட்டுப் பிரச்சினைகள் என்ற பழைய பிரிவினை இங்கே உடைகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். அதே ஆய்வில் மாநிலத்தின் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது பருமன் உடையவர். முந்தைய ஆய்வில் அது 30.9 விழுக்காடாக இருந்தது. குட்டையான குழந்தையும் பருத்த தாயும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதையே இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

தட்டிலும் தெருவிலும்

ஒன்றிய அரசின் விதிப்படி தொடக்கப் பள்ளி மதிய உணவு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தர வேண்டும். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,700 கலோரி வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ஆக, பள்ளி தருவது கால் பங்கு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவிட்டது. தொடக்க ஆணையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு வெள்ளிக்கிழமை கேசரியும் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் கேசரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மீதி முக்கால் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

வீட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பசியை விரட்டியதில் இவற்றின் பங்கு பெரிது. காயும் கீரையும் பழமும் மட்டும் சந்தை விலைக்கு வாங்க வேண்டியவை. வேலைக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு மாலையில் எளிதாகக் கிடைப்பது மலிவாக உள்ள சோறும், மலிவாக உள்ள எண்ணெயில் பொரித்ததும். தெருமுனைப் பெட்டிக் கடையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பொட்டலங்கள் சரமாகத் தொங்குகின்றன. விலையைப் பிள்ளையின் கைக்காசுக்கு ஏற்றபடி அமைத்திருப்பது தற்செயல் ஆகாது. மெரினாவின் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், உண்மையில், ஊட்டச்சத்து நிபுணர் யாரும் குறை சொல்ல முடியாத தின்பண்டம். போட்டியில் பின்தங்கியது அதுதான்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஓர் அறக்கட்டளை தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சி இது. பரந்த வளாகம் உள்ள பள்ளிக்கு 50 மீட்டர் என்பது பொருளுள்ள தொலைவு. திருவல்லிக்கேணியில் 50 மீட்டருக்குள் இரண்டு தெருக்களும், பத்துப் பதினைந்து கடைகளும், அவற்றை நம்பிய குடும்பங்களும் அடங்கிவிடும். அக்கடைக்காரர்களில் சிலரின் பிள்ளைகள் அதே பள்ளியில் படிப்பார்கள். விதியை எழுதியவர்கள் இப்படியொரு தெருவை மனத்தில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

விளையாட்டைப் பொறுத்தவரை திருவல்லிக்கேணியின் நிலை விசித்திரமானது. ஒரு பக்கம் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், இன்னொரு பக்கம் மெரினாவின் மணல்வெளி. நடுவில் உள்ள பள்ளிகளில் பலவற்றுக்குக் காலை வழிபாட்டுக்கு வரிசை நிற்கும் இடமே விளையாட்டிடம்.

மற்ற நாடுகளின் அனுபவம்

எடை பார்த்து, பருமனான பிள்ளையைப் பிரித்தெடுத்துச் சரிசெய்வது என்ற வழியைத் தீவிரமாகப் பின்பற்றிய நாடு சிங்கப்பூர். 1992இல் தொடங்கிய ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தில் மிகை எடையுள்ள மாணவர்கள் தனிக் குழுவாக்கப்பட்டு, மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் உடற்பயிற்சி செய்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். திட்டத்தின் சுருக்கப்பெயர் ‘டாஃப்’. அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் குண்டு என்ற சொல் வரும். பெயர் வைத்த அதிகாரிகள் கவனித்தார்களோ இல்லையோ, மாணவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டனர். மிகை எடை விகிதம் குறைந்தது. கூடவே கேலியும் மனக்காயமும் வளர்ந்தன. 2007இல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களுக்குமான நலத் திட்டம் வந்தது.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003இல் சட்டம் இயற்றி, மதிப்பெண் அட்டைபோல் உடல் நிறை எண் அறிக்கையைப் பெற்றோருக்கு அனுப்பியது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் 28,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அறிக்கை அனுப்பியதால் பருமன் குறையவில்லை. பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மீதான அதிருப்திதான் கூடியது. பெற்றோர் கையில் ஓர் எண்ணைக் கொடுப்பது மட்டும் தடுப்பு ஆகிவிடாது.

ஜப்பான் 1900ஆம் ஆண்டிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் தேசிய அளவில் தொகுத்து வருகிறது. அங்கே யாரும் தனியே அழைக்கப்படுவதில்லை. எல்லாரும் அளக்கப்படுகிறார்கள், எல்லாரும் ஒரே மதிய உணவை வகுப்பறையில் அமர்ந்து உண்கிறார்கள், அதை மாணவர்களே பரிமாறுகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் முன்மாதிரி இதுதான் என்று தோன்றுகிறது. ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் நம் பள்ளிகளில் ஏற்கெனவே நூறாண்டாக இருக்கிறது.

பதிவேடு

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் 30 நிலைகளைக் கண்டறிவது அதன் தொடக்க வரையறை. கடும் இரத்தசோகை, வைட்டமின் குறைவு, கடும் மெலிவு, முன்கழுத்துக் கழலை எல்லாம் அந்த முப்பதில் உண்டு. பருமன் இல்லை. ஒரு நூற்றாண்டாக வந்த கருத்தின் தொடர்ச்சி அந்தப் பட்டியலிலும் தெரிகிறது. தராசு இருக்கிறது, மருத்துவரும் வந்துவிட்டார், பிள்ளை ஏறி நிற்கிறார். முள் எந்தப் பக்கம் சாய்ந்தால் குறிப்பெழுத வேண்டும் என்பது மட்டும் முன்பே முடிவாகியிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. உயரத்தையும் எடையையும் குறிக்க இடமும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஒரே தராசில், ஒரே முறையில் அளந்து குறித்தால் ஒரு பிள்ளையின் முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான வளர்ச்சிக் கோடு கிடைக்கும். பருமனைப் பொறுத்தவரை ஒரு நாள் எடையைவிடக் கோட்டின் போக்கே அதிகம் சொல்லும். மெலிந்திருந்த பிள்ளை இரண்டே ஆண்டுகளில் கோடு கோடாகத் தாண்டி மேலேறினால், அவர் எந்த அளவுகோலின்படியும் பருமன் ஆகும் முன்பே தெரிந்துவிடும். அதற்குத் தேவை உயரம் பார்க்கும் பலகை, முள் சரியாக நிற்கும் தராசு, தாயைத் தனியே அழைத்துப் பேச ஒரு செவிலியர். வகுப்பு முன்னிலையில் எடையை உரக்கப் படிக்கும் வழக்கத்தை விடுவதற்குச் செலவே இல்லை.

2025இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மதிய உணவில் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பள்ளி உணவைப் பற்றி அரசு எழுதும் கடிதங்களில் ‘கூட்டு’ என்ற சொல்லுக்குப் பதிலாகக் ‘குறை’ என்ற சொல் வருவது புதிது. அதே ஆண்டு செப்டம்பரில் யுனிசெப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் பருமன் உடையவர்கள் 9.4 விழுக்காடு, எடை குறைந்தவர்கள் 9.2 விழுக்காடு. முதன்முறையாக இரண்டும் இடம் மாறின. தெற்காசியா இன்னும் அந்த நிலைக்கு வராத பகுதிகளுள் ஒன்று.

அதற்குச் சில நாட்களுக்கு முன், 2025 ஆகஸ்ட் 26 அன்று, மயிலாப்பூரில் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2,429 பள்ளிகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிகளின் பழைய பள்ளிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. மீனவர் பிள்ளையும், மேன்ஷன் காவலாளியின் பிள்ளையும், வங்கி எழுத்தரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் படிக்கும் பள்ளிகள் அவை. அங்கே காலைப் பொங்கலுக்கு அமரும் ஒரே வரிசையில் நேற்றிரவு சாப்பிடாமல் படுத்த பிள்ளையும், வீட்டில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையும் இருப்பார்கள். இருவருக்கும் விழுவது ஒரே கரண்டி அளவு.